மெட்டுப் போடும் லேப்டாப்: எது வாங்கலாம்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் பல வீடுகளில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது.

வழக்குப் போட்டவன் மகன். எதிர்த்து வாதாடுபவர் அப்பா. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அம்மா.

"எனக்கு லேப்டாப் வேணும்ப்பா. பாட்டுப் போடப் போறேன். எலக்ட்ரானிக் மியூசிக்!" என்கிறான் மகன்.

"பாட்டுக்கு எதுக்குடா லேப்டாப்? ஒரு ஆர்மோனியம் போதாதா?" என்கிறார் அப்பா.

"எவ்வளவுடா ஆகும்?" என்கிறாள் அம்மா.

"ஒன்றரை லட்சம்."

பேச்சு நின்றுவிடுகிறது. அம்மா தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள். கையில் கிடப்பது இரண்டே வளையல்.

சில வீடுகளில் வழக்குப் போடுபவள் மகள். அங்கே அப்பாவின் கேள்விகள் இரண்டு கூடுதலாக இருக்கும். அது நியாயமில்லை. ஆனாலும் இருக்கும்.

பிள்ளை கேட்பது வீண் ஆசையா? இல்லை. மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு கம்ப்யூட்டரில் முழுப் பாட்டையும் போட்டுவிட முடியும். தாளம், மெட்டு, வயலின் கூட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். இது இன்று நடக்கிற காரியம்.

அதற்கு ஒன்றரை லட்சம் வேண்டுமா? வேண்டாம். எவ்வளவு போதும், எதை முதலில் வாங்க வேண்டும், கடற்கரை ஊரில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையெல்லாம் அப்பா அம்மாவும் தெரிந்துகொள்வது நல்லது. பணம் அவர்களுடையது அல்லவா?

மின்சாரம் பாடுகிறது!

வீணையில் தந்தி அதிர்கிறது. மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. நாதசுரத்தில் காற்று அதிர்கிறது. எலக்ட்ரானிக் இசையில் மின்சாரம் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒலிபெருக்கிக்கு வந்ததும் சத்தமாகிறது.

முன்பு இதற்குத் தனிக் கருவி வேண்டும். அதன் பெயர் சிந்தசைசர். பார்ப்பதற்கு ஆர்மோனியக் கட்டைகள் வைத்த பெட்டி போல இருக்கும். விலையோ மோட்டார் கார் விலை! ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் பெட்டியோடு பேசாது.

1983-ல் இந்தத் தொல்லை தீர்ந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷி இருவரும் முன்னின்று, எல்லாக் கருவிகளும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'மிடி' என்று பெயர். முப்பது வருஷம் கழித்து, 2013-ல், அதற்காக இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மிடி என்பது சத்தம் அல்ல. சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம் மாதிரி. எந்தக் கட்டையை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்பது எண்களாக அதில் இருக்கும். அதே நோட்டைக் கொடுத்து 'புல்லாங்குழலில் வாசி' என்றால் கம்ப்யூட்டர் வாசிக்கும். 'வீணையில் வாசி' என்றாலும் வாசிக்கும். ஒரு சுரம் தப்பாக இருந்தால், அந்த ஒரு சுரத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

தமிழ் சினிமாவுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா இசை அமைத்தபோது, கம்ப்யூட்டரின் துணையோடு அமைத்த இசை என்று அதைப் பற்றிப் பேசினார்கள்.

நகை அடகுக்குப் போன கதை

லேப்டாப் கேட்கும் பிள்ளைகள் ஒரு கதையை மறக்காமல் சொல்வார்கள்.

"ஏ.ஆர்.ரகுமானுக்கு அவங்க அம்மா நகையைத்தானே கொடுத்தாங்க?"

உண்மைதான். ரகுமானே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், 'பஞ்சதன்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை அவர் கட்டினார். அறை தயார். ஏ.சி. வந்துவிட்டது. அலமாரி வந்துவிட்டது. தரையில் கம்பளம் விரித்தாகிவிட்டது. ஆனால் உள்ளே வைக்கக் கருவி இல்லை. வாங்கக் காசும் இல்லை. வெறும் அறையில் உட்கார்ந்திருந்தார். தாயார் தம் நகைகளைக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்துத்தான் முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்தது. 1992-ல் 'ரோஜா' வெளியாயிற்று. மற்றது ஊரறிந்த கதை.

பிள்ளைகள் இந்தக் கதையைப் பாதியில் ஆரம்பிக்கிறார்கள். முன்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர், மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். 1976-ல் அவர் காலமானபோது மகனுக்கு வயது 9. தந்தை விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. பையன் சின்ன வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் புறப்பட்டுவிட்டான். பெரிய பெரிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் வாசித்தான். பிறகு விளம்பரப் படங்களுக்கு இசை அமைத்தான்.

பஞ்சதன் கட்டியபோது அவருக்கு வயது 22. அதற்குள் சுமார் பத்து வருஷம் வாசித்துச் சம்பாதித்திருந்தார்! தாயார் நகையைக் கொடுத்தது பழகிய கைக்கு. பழகாத கைக்கு வளையலைக் கழற்றுகிறவர்கள், அந்தக் கதையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விலை உயர்ந்த கருவிதான் நல்ல இசை தரும் என்பதும் அப்படித்தான். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு கலைஞர் இருந்தார். இந்திப் படக் குழுக்களில் வாசித்தவர். கல்யாண வீடுகளிலும் வாசிப்பார். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று எலக்ட்ரானிக் கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரிக்கார்டு வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை.

அந்த மூன்றில் சின்னக் கருவிக்கு 'டி.பி.303' என்று பெயர். கடைகளில் அதுவும் விலைபோகவில்லை. 1984-ல் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிந்து கிடந்ததை அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கினார்கள். அதைத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய நடன இசையை உண்டாக்கினார்கள். உலகமே அதற்கு ஆடியது.

2010-ல் சரண்ஜித் சிங்கின் ரிக்கார்டு மறுபடியும் வெளிவந்தது. கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். சிகாகோக்காரர்களுக்குப் பல வருஷம் முன்பே, பம்பாயில் ஒருவர் அதே மாதிரி சத்தத்தை ராகத்தில் வாசித்து வைத்திருக்கிறாரே! வயதான காலத்தில் அவர் ஐரோப்பாவுக்குப் போய்க் கச்சேரி செய்தார். 2015-ல் காலமானார்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டில் 2011 முதல், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்கள். பிறகு 2025-26 பட்ஜெட்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று சொன்னார்கள். அப்படியோ, படிப்புக்கென்று வாங்கியோ, பல வீடுகளில் ஒரு லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது.

அதில் பாட்டுப் போட முடியுமா?

மிகப் பழையதாக இருந்தால் சிரமம். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப் என்றால், தாராளமாக ஆரம்பிக்கலாம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சத்தம் போடுகிறது. ஒன்று, நிஜ வயலினைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது எடுத்து வாசிப்பது. இதற்கு இடம் நிறைய வேண்டும். ஒரு பெரிய வயலின் கூட்டத்தின் தொகுப்பு 50 ஜிபி, 100 ஜிபி என்று போவதும் உண்டு. இரண்டாவது, கணக்குப் போட்டே சத்தத்தை உண்டாக்குவது. சிந்தசைசர் செய்வது இதைத்தான். இதற்கு இடம் வேண்டாம். கணக்குப் போடும் வேகம் இருந்தால் போதும்.

பிள்ளை கேட்பது எலக்ட்ரானிக் இசை என்றால், அதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. சினிமாப் பின்னணி இசை போடுகிறவருக்கு வேண்டிய பெரிய பெட்டி இவனுக்கு வேண்டியதில்லை.

லேப்டாப்பே இல்லாத வீட்டில் என்ன செய்வது? கையில் இருக்கும் போனில் ஆரம்பிக்கலாம். 'பேண்ட்லேப்' என்ற செயலி இலவசம். தாளம் போடலாம், மெட்டு வாசிக்கலாம், குரலைப் பதிவு செய்யலாம்.

ஆறு மாதம் கெடு கொடுங்கள். அதற்குள் பத்துப் பாட்டு முடிக்கட்டும். 'ஆரம்பித்தேன்' என்பது கணக்கில் வராது. முடிக்க வேண்டும்! பத்தில் எட்டு நன்றாக இருக்காது. பரவாயில்லை. பத்தை முடித்த பிள்ளைக்கு, தன் பெட்டியில் எது போதவில்லை என்று சரியாகச் சொல்லத் தெரியும். அப்போது வாங்கும் லேப்டாப்புக்கும், ஆறு மாதம் முன்பு வாங்கியிருக்கக்கூடிய லேப்டாப்புக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கும்.

பலகையும் சமையல்காரரும்

சரி, பத்துப் பாட்டு முடித்துவிட்டான். புதிது வாங்கத்தான் வேண்டும். கடைக்குப் போனால் கடைக்காரர் எண்களாகச் சொல்லி மயக்குவார். அவற்றைச் சமையலறையாக நினைத்துக்கொண்டால் சுலபம்.

நினைவகம் என்பது காய்கறி நறுக்கும் பலகை. பலகை பெரிதாக இருந்தால் பல சாமான்களை ஒரே சமயத்தில் பரப்பி வைக்கலாம். புதிதாக வாங்கினால் 16 ஜிபி வாங்குங்கள். மற்ற எதில் குறைத்தாலும் இதில் குறைக்க வேண்டாம். 'பிற்பாடு கூட்டிக்கொள்ள முடியுமா?' என்று கேட்கவும் மறக்காதீர்கள். சில லேப்டாப்புகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கினபடியே கடைசி வரை இருக்க வேண்டியதுதான்.

பிராசசர் என்பது சமையல்காரர். சுறுசுறுப்பு முக்கியம். இன்டெல் ஐ5, ஏ.எம்.டி. ரைசன் 5 என்ற வகைகள் இதற்குப் போதும். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பத்து வருஷத்துக்கு முந்திய ஐ7-ஐ விட, இப்போதைய ஐ3 வேகமாக ஓடக்கூடும். எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

சேமிப்பு என்பது பரண். எஸ்.எஸ்.டி. வகையாக இருக்க வேண்டும். சுழலும் பழைய வகை தட்டு வேண்டாம். ஐந்து நிமிஷப் பாட்டில் ஒரு குரலை நல்ல தரத்தில் பதிவு செய்தால் ஏறக்குறைய 40 எம்பி பிடிக்கும். இருபது குரல், வாத்தியம் சேர்ந்தால் 800 எம்பி. 256 ஜிபி பரண் சீக்கிரம் நிரம்பிவிடும். 512 இருந்தால் நிம்மதி.

விளையாட்டுக்கென்றே விற்கும் லேப்டாப்பைப் பிள்ளைகள் காட்டுவார்கள். கறுப்பும் சிவப்புமாக, விளக்கெல்லாம் எரிந்து, கண்ணைப் பறிக்கும். அதன் விலையில் பெரும்பங்கு படம் காட்டும் கார்டுக்குப் போகிறது. பாட்டுக்கு அந்தக் கார்டு அநேகமாக உதவாது. வேலை கூடியதும் அதன் மின்விசிறி இரைய ஆரம்பிக்கும். பாடும்போது மைக்கில் அந்த இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். பாட்டு என்ற பெயரில் விளையாட்டு உள்ளே வந்துவிட்டதா என்றும் அப்பா ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது!

ஆப்பிள் கம்பெனியின் 'மேக்புக் ஏர்' 2020 முதல் மின்விசிறியே இல்லாமல் வருகிறது. சத்தமே இருக்காது. 'கேரேஜ்பேண்ட்' என்ற இசை மென்பொருளும் இலவசம். நல்ல பெட்டிதான். விலையும் ஆப்பிள் விலை. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம்.

தாளம் ஏன் தப்புகிறது?

புது லேப்டாப் வந்தாயிற்று. பையன் கட்டையை அழுத்துகிறான். சத்தம் கொஞ்சம் தாமதித்து வருகிறது. 'லேப்டாப் சரியில்லை' என்று மறுபடியும் வழக்கு!

பெட்டி மேல் குற்றமில்லை. கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு வினாடிக்கு 44,100 துண்டு. ஒவ்வொன்றாக அனுப்பினால் மூச்சு முட்டும் என்று, ஒரு கூடை நிரம்பிய பிறகு அனுப்பும். கூடைக்கு 512 துண்டு என்றால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 12 பங்கு தாமதமாகும். நாலு மீட்டர் தள்ளி நிற்பவர் வாசிப்பது உங்கள் காதுக்கு வரும் நேரம் அது. கூடையை 128 ஆகக் குறைத்தால் தாமதம் மூன்று பங்குதான். வாசிக்கும்போது சின்னக் கூடை, எல்லாம் வாசித்துச் சேர்க்கும்போது பெரிய கூடை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறது. 'பஃபர்' என்ற பெயரில் இருக்கும்.

விண்டோஸ் லேப்டாப்பின் சாதாரண ஏற்பாட்டில் தாமதம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். 'ஏசியோ4ஆல்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெரும்பாலும் குறையும்.

இன்னொன்று. கம்பியில்லாத புளூடூத் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கவே கூடாது. அதில் வரும் தாமதத்தில் எந்த வித்துவானுக்கும் தாளம் தப்பும். கம்பி உள்ள ஹெட்போன் வேண்டும்.

ஹெட்போன் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம். காதை முழுக்க மூடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டுக் கேட்க விற்கும் ஹெட்போன்களில் அடிச்சத்தத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். கேட்க இனிக்கும். அதை நம்பிப் பாட்டைச் சேர்த்தால், வேறு ஸ்பீக்கரில் கேட்கும்போது அடிச்சத்தமே காணாமல் போயிருக்கும். ஒலிப்பதிவு வேலைக்கென்றே விற்பவை உள்ளதை உள்ளபடி காட்டும். லேப்டாப்பில் பத்தாயிரம் குறைத்து, அந்தப் பணத்தில் பாதியை ஹெட்போனில் போட்டாலும் லாபம்தான். அறையில் ஸ்பீக்கர் வைப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துவார்!

அடுத்தது, 25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோர்டு. யூ.எஸ்.பி. கம்பியில் ஓடும். விலை பத்தாயிரத்தை ஒட்டியே முடிந்துவிடும். பாடுகிற பிள்ளை என்றால் ஒரு மைக்கும், அதை லேப்டாப்போடு சேர்க்கும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற சின்னப் பெட்டியும் வேண்டும். பாடாத பிள்ளைக்கு இப்போது அது வேண்டாம்.

திருட்டு மென்பொருள் வேண்டாம்

பாட்டுப் போடும் மென்பொருள்கள் பல. 'எஃப்.எல். ஸ்டூடியோ' பெல்ஜியம் நாட்டுச் சரக்கு. 'ஏபிள்டன் லைவ்' ஜெர்மனியில் பிறந்தது. 'லாஜிக்' ஆப்பிள் கம்பெனியுடையது. அது மற்ற கம்ப்யூட்டர்களில் ஓடாது. ஆகவே எந்த மென்பொருள் என்று முடிவு செய்த பிறகுதான் எந்த லேப்டாப் என்று முடிவு செய்ய வேண்டும்.

'எல்.எம்.எம்.எஸ்.' முழுக்க இலவசம். 'ரீப்பர்' என்பதை 60 நாள் சும்மா உபயோகித்துப் பார்க்கலாம். பிறகு தனி ஆளுக்கு 60 டாலர். எஃப்.எல். ஸ்டூடியோவையும் காசு கொடுக்காமல் பழகிப் பார்க்கலாம். ஆனால் ஒரு கொக்கி. சேமித்த பாட்டை மறுபடி திறக்கக் காசு கேட்கும்! காசு கொடுத்து ஒருமுறை வாங்கிவிட்டால், பின்னால் வரும் புதிய பதிப்புகளுக்குத் தனியாகப் பணம் இல்லை.

இணையத்தில் திருட்டுப் பிரதி கிடைக்கிறது என்று பிள்ளை சொல்லலாம். அதோடு வைரசும் சேர்ந்து வரும். அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்று

கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், கல்பாக்கம். இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைத் தின்கிறது. சைக்கிள் செயினைத் தின்கிறது. லேப்டாப்பை மட்டும் விட்டுவைக்குமா?

கம்பி செருகும் துளைகளில்தான் முதலில் கை வைக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகம் பச்சை பூக்கும். பிறகு ஹெட்போனில் 'கர்கர்' என்று கேட்கும்.

கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் லேப்டாப் வேண்டாம். வேலை முடிந்ததும் பைக்குள் போட்டு மூடுங்கள். ஷூ, மருந்துப் பெட்டிகளில் சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்று வருமே, ஈரத்தை உறிஞ்சும் மணி உள்ளது, அதைத் தூக்கி எறியாமல் பைக்குள் போடுங்கள். வாரக்கணக்கில் தொடாமல் வைப்பதும் கெடுதல். ஓடுகிற பெட்டியின் சூடு ஈரத்தைத் துரத்தும்.

அதற்காக மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் காற்றுத் துளை அடைபட்டால் பெட்டி கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பாட்டு விக்கி விக்கி ஓடினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மின்சாரம் இன்னொரு தொல்லை. ஹெட்போனில் 'உம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால், எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பதிவு செய்யும் அந்த ஐந்து நிமிஷம் பேட்டரியில் ஓட்டினாலும் சரி.

2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. அப்படிப்பட்ட ராத்திரிகள் இந்தக் கரைக்குப் புதிதல்ல. தண்ணீரில் நனைந்த லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். ஒரு வருஷம் போட்ட பாட்டு போனால்? பாட்டின் பிரதி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று தனி டிஸ்க்கில். இன்னொன்று இணையத்தில். கூகுள் கணக்கோடு 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கிறது.

ரிச்சி தெருவுக்குப் போகிறீர்களா?

செங்கல்பட்டில் மின்ரயில் ஏறினால் சென்னை. அங்கே மவுண்ட் ரோடை ஒட்டி ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன இடம். பழைய லேப்டாப்பும் கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், மட்டமும் கிடைக்கும்.

பழையது வாங்குவது தப்பில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தியது எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள். ஹெட்போனைக் கையோடு கொண்டுபோய், எல்லாத் துளையிலும் செருகிப் பாருங்கள். கால் மணி நேரம் ஒரு படத்தை ஓட்டி, மின்விசிறி எப்படி இரைகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

சாப்பாடு போடுமா?

அப்பாவின் கடைசிக் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

கல்யாண வீட்டில் பாட்டு ஓட்டும் டி.ஜே. வேறு, இது வேறு. அவர் பிறர் பாட்டை ஓட்டுகிறார். இவன் புதிதாக உண்டாக்குகிறான். குறும்படம், விளம்பரம், பக்திப் பாட்டு, சர்ச் பாட்டு, இணையத்தில் பாடம் நடத்துகிறவர்களின் வீடியோ என்று வேலைகள் இருக்கின்றன. 2013-க்குப் பிறகு சில வருஷம், கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழாவே நடந்தது. என்றாலும் முதல் வருஷம் வருமானம் எதிர்பார்க்க வேண்டாம். இதை நம்பிப் படிப்பை விடவும் வேண்டாம்.

முறையாகப் படிக்கவும் வழி இருக்கிறது. ரகுமான் 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். இசைத் தொழில்நுட்பமும் அங்கே பாடம். 2018-ல் ஆப்பிள் கம்பெனி அந்தக் கல்லூரிக்கு மேக் கம்ப்யூட்டர் கூடங்களையும், வசதியற்ற பத்து மாணவர்களுக்கு உதவித்தொகையையும் அறிவித்தது. இப்படிப்பட்ட உதவி உண்டா என்று, எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன் விசாரிக்க வேண்டும்.

முதல் பாடம் மாமல்லபுரத்தில்!

எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் சத்தங்களைச் சேகரிப்பார்கள். விலைக்குக் கிடைக்கும் தொகுப்புகள் உண்டு. அந்த அமெரிக்கக் கைத்தட்டலும் லண்டன் மத்தளமும் எல்லாரிடமும் இருக்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்பியின் உளிச்சத்தம் யாரிடம் இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு பிள்ளை புறப்படட்டும். சிற்பக்கூடத்தில் அனுமதி கேட்கட்டும். கருங்கல்லில் விழும் உளி 'டங்' என்று கணீரென்று கேட்கும். கல்லறுக்கும் மெஷின் ஒரே சுருதியில் இழுக்கும். அந்த இழுப்பை லேப்டாப்பில் கொஞ்சம் தாழ்த்தினால் தம்புரா மாதிரி ஆகிவிடும். உளியை எட்டு எட்டாக அடுக்கினால் ஆதி தாளம். வீடு திரும்பும்போது செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கினால், கொளவாய் ஏரிப் பக்கம் பறவைகள். பிளாட்பாரத்தில் ரயில் சத்தம். எல்லாம் இலவசம்! சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினால் உரிமைக்காரர் வந்து கேட்பார். உளிக்கும் ஏரிக்கும் அந்த வழக்கு இல்லை. யாராவது பாடுவதைப் பதிவு செய்தால் மட்டும், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும்.

கடலைப் பதிவு செய்வதுதான் கஷ்டம். போனை நீட்டிப் பிடித்தால் அலை கேட்காது, காற்றுதான் கேட்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மைக் துளையின் மேல் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டைக் கட்டிக்கொண்டு, போனை மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் கூட்டமும் இருக்காது, காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.